ஆராய்ச்சி மணியின் கயிறு எங்கே?

நந்தனத்தில் நான் குடியிருக்கும் கட்டிடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதில் ஒரு காகிதத்தைக் குத்தி வைப்பார். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வாசல் விளக்கு இவற்றுக்கு ஆன மின்சாரச் செலவும், அதில் வீட்டுக்கு இவ்வளவு பங்கு என்ற கணக்கும் அந்தக் காகிதத்தில் இருக்கும். அதைக் குத்திய அன்று மாலை பலகைக்கு முன்னால் ஒரு சிறு சட்டசபையே கூடிவிடும்.

"யூனிட் எட்டு ரூபாயாமே! யார் வைத்த ரேட் இது?" என்றார் முதல் மாடிப் பெரியவர் ஒருநாள். அவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். "போர்டு வைத்தது" என்றார் ஒருவர். "மந்திரி வைத்தது" என்றார் இன்னொருவர். "எல்லாம் டில்லி வேலை" என்று தீர்ப்புச் சொன்னார் மூன்றாமவர். பத்திரிகையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"போர்டும் இல்லை, மந்திரியும் இல்லை, டில்லியும் இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் ரேட்டை நிர்ணயிக்கிறது. அதுவும் சும்மா அல்ல, உங்களையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் நிர்ணயிக்கிறது" என்றேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். "என்னையா? எப்போது கேட்டார்கள்? நான் ஊரில்தானே இருந்தேன்!" என்றார்.

அவருக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் மின்சாரக் கட்டணம் என்பது சர்க்காரும் போர்டும் சேர்ந்து முடிவு செய்யும் சமாசாரம். 1957-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிறந்த மின்சார வாரியம் மின்சாரத்தை உற்பத்தி செய்தது, விற்றது, விலையையும் சர்க்காரின் சம்மதத்தோடு வைத்தது. கடைக்காரரே தராசையும் படிக்கல்லையும் வைத்துக்கொள்வது போலத்தான். இதை மாற்றவேண்டும் என்ற எண்ணத்தில் நம் நாட்டில் முதலில் முனைந்தது ஒரிசா. 1996-ம் ஆண்டில் அங்கே ஒரு தனி ஆணையம் ஏற்பட்டது. பிறகு 1998-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்ற, அதன்படி 1999-ல் தமிழ்நாட்டிலும் ஆணையம் அமைந்தது. 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அதற்கு இன்னும் வலுவான அஸ்திவாரம் போட்டது.

அந்தச் சட்டத்தின் 64-வது பிரிவை நம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் விற்கும் நிறுவனம் கட்டணத்தை மாற்ற விரும்பினால் ஆணையத்திடம் மனுப் போடவேண்டும். மனுவின் சுருக்கத்தை ஊரறிய வெளியிடவேண்டும். பொதுமக்களின் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் பரிசீலித்து, 120 நாட்களுக்குள் ஒன்று ஆணை பிறப்பிக்க வேண்டும். அல்லது காரணம் எழுதி மனுவைத் தள்ளவேண்டும். தள்ளுவதானால் மனுதாரரின் வாதத்தையும் கேட்டுவிட்டுத் தள்ளவேண்டும்.

இன்னும் இருக்கிறது. ஆணையம் தன் காரியங்களை ஒளிவு மறைவின்றிச் செய்யவேண்டும் என்கிறது 86-வது பிரிவு. வியாபாரம், தொழில், விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் எல்லாருக்கும் இடம் கொடுத்து 21 பேருக்கு மிகாமல் ஓர் ஆலோசனைக் குழு வைக்கச் சொல்கிறது 87-வது பிரிவு. விசாரணையில் நுகர்வோர் சார்பாகப் பேச ஒருவரை ஆணையமே நியமிக்கலாம் என்கிறது 94-வது பிரிவு. ஆணையத்தின் முன் நடப்பது நீதி விசாரணைக்குச் சமம். அதில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும் என்று 2018 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. ஆணை பிடிக்கவில்லையென்றால் டில்லியிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வழியும் உண்டு.

ஏழை எளியவர்களுக்குச் சலுகை கொடுப்பது சர்க்காரின் உரிமை. ஆனால் அந்தச் சலுகைக்கான பணத்தை சர்க்கார் முன்கூட்டியே கட்டவேண்டும் என்பது 65-வது பிரிவு. 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசமாக வருகிறதே, அதுவும் உண்மையில் இலவசம் அல்ல. நம் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடும் பணம்தான்.

ஆக, காகிதத்தில் நமக்கு உள்ள உரிமை அற்பமானது அல்ல. மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டிய கதையை எல்லோரும் படித்திருக்கிறோம். இந்தச் சட்டம் மின்சாரத்துக்காகக் கட்டிய ஆராய்ச்சி மணி என்றே சொல்லலாம்.

மணி இல்லாத காலம்

இந்த மணியின் அருமை தெரியவேண்டுமானால், அது இல்லாத காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

1970-ம் ஆண்டு. கோயமுத்தூர் ஜில்லா விவசாயிகள் கிணற்று நீரை நம்பிப் பிழைத்தவர்கள். பம்பு செட்டுக்கான மின்சாரக் கட்டணத்தைச் சில பைசா உயர்த்தியபோது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? கேட்பதற்கு என்று ஒரு மன்றம் இல்லை. தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 19-ந் தேதி பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து கோவை நகரத்தின் வீதிகளை அடைத்தார்கள். ரேட்டைப் பற்றிப் பேச அன்றைய குடியானவனுக்குக் கிடைத்த மேடை மாட்டு வண்டிதான். அதற்கு அவன் கொடுத்த விலை உயிர்.

ஆணையம் வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. ஆந்திராவில் ஆணையம் ஏற்பட்ட பிறகுதான் 2000-ம் ஆண்டில் கட்டணம் உயர்ந்தது. ஆகஸ்டு 28-ந் தேதி ஐதராபாத் பஷீர்பாக்கில் ஊர்வலம் சென்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கும் உயிர்கள் போயின. கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தும், தங்கள் பேச்சு அங்கே ஏறவில்லை என்று ஜனங்கள் நினைத்துவிட்டால் மறுபடியும் தெருதான் மன்றமாகிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு இன்னோர் உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 25-ந் தேதி தமிழ்நாட்டின் சிறு தொழிற்சாலைகள் பல கதவைச் சாத்திவிட்டு ஒருநாள் வேலை நிறுத்தம் செய்தன. நிலைக்கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் தாங்க முடியவில்லை என்பது அவர்கள் முறையீடு. முந்தைய ஆண்டில் ஆணையம் நடத்திய கூட்டங்களிலும் தொழில் துறையினர் வந்து ஆட்சேபம் சொன்னவர்கள்தான். மன்றத்தில் சொன்னது போதவில்லை என்றுதானே கதவைச் சாத்தினார்கள்?

உயர்த்தாததும் ஒரு பாரம்

"ரேட்டை உயர்த்தாமல் இருந்தால் போதாதா? எதற்கு மன்றமும் விசாரணையும்?" என்று சிலர் கேட்கலாம். அதையும் நாம் பார்த்தாகிவிட்டது.

ஆணையம் தன் முதல் கட்டண ஆணையை 2003 மார்ச்சில் பிறப்பித்தது. அடுத்த ஆணை எப்போது தெரியுமா? 2010 ஜூலை 31-ந் தேதி! ஏழு ஆண்டுகளுக்கு மேல் ரேட் அப்படியே நின்றது. அந்த ஏழு ஆண்டுகளில் நிலக்கரி விலை நிற்கவில்லை, சம்பளம் நிற்கவில்லை, வட்டி நிற்கவில்லை. கட்டணத்தை உயர்த்தாமல் இருந்தது ஓட்டுப் போடுகிறவர்களுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போர்டு கடன்மேல் கடன் வாங்கிற்று. 2012 ஏப்ரல் 1-ந் தேதி கட்டணம் மறுபடி ஏறியபோது ஜனங்களுக்குத் தலை சுற்றியது.

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் பேட்டைக்கு நந்தனம் என்று பெயர் வந்ததே 1952-ல் பிறந்த நந்தன ஆண்டை ஒட்டித்தான், ராஜாஜி வைத்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அறுபது ஆண்டு சுற்றி, 2012-ல் மறுபடி நந்தன ஆண்டு பிறந்தது. அது பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே புது ரேட் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது!

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பல ராஜ்யங்களில் நிறுவனங்கள் மனுவே போடாமல் காலம் தள்ளின. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பர் 11-ந் தேதி ஒரு தீர்ப்பில், மனு வராவிட்டால் ஆணையங்கள் தாமாகவே முன்வந்து ஆண்டுதோறும் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று கண்டித்துச் சொல்லிற்று. 2014 டிசம்பரில் நம் ஆணையம் அப்படித் தானாகவே விசாரித்து ஓர் ஆணை போட்டது.

சேர்ந்த கடன் என்ன ஆயிற்று? 2017 ஜனவரியில் மத்திய சர்க்காரின் உதய் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது. அதன்படி மின்சார நிறுவனத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை ராஜ்ய சர்க்காரே ஏற்றுக்கொண்டது. சர்க்கார் என்றால் யார்? கடையில் உப்பு, புளி வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறோமே, நாம்தான். மின்சார பில்லில் கட்டாததை மளிகை பில்லில் கட்டினோம். ஒரு வித்தியாசம் உண்டு. மின்சார பில்லைப் பற்றியாவது யாரோ நம் அபிப்பிராயம் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இதற்கு அதுகூட இல்லை.

2022-ல் நடந்தது

இனி, எங்கள் பெரியவரின் கேள்விக்கு வருவோம். எப்போது கேட்டார்கள்?

2022-ம் ஆண்டு ஜூலையில் மின்சார நிறுவனம் கட்டண உயர்வுக்கு மனுப் போட்டது. ஆணையம் மூன்று ஊர்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. ஆகஸ்டு 16-ந் தேதி கோவை, 18-ந் தேதி மதுரை, 22-ந் தேதி சென்னை. சென்னைக் கூட்டம் நடந்தது கலைவாணர் அரங்கத்தில். நந்தனத்தில் மெட்ரோ ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கே இறங்கிச் சற்று நடந்தால் அரங்கம். நானும் போகவில்லை, எங்கள் பெரியவரும் போகவில்லை. எங்கள் கட்டிடத்தில் ஒருவர்கூடப் போகவில்லை.

அன்று திங்கட்கிழமை. கோவைக் கூட்டம் செவ்வாய், மதுரைக் கூட்டம் வியாழன். மூன்றும் வேலை நாட்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் லீவு போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். தினக்கூலிக்காரன் அன்றைய கூலியை விட்டுவிட்டு வரவேண்டும். நாகர்கோவிலில் இருப்பவர் மதுரைக்கு வரவேண்டும். இரண்டு கோடிக்கு மேல் வீட்டு இணைப்புகள் உள்ள ஒரு ராஜ்யத்துக்கு மூன்றே மூன்று கூட்டங்கள்!

சென்னைக் கூட்டம் முடிந்த 18-வது நாள், செப்டம்பர் 9-ந் தேதி, ஆணை வந்துவிட்டது. 10-ந் தேதி அமலுக்கும் வந்தது. பாரத யுத்தமே பதினெட்டு நாள்தான் நடந்தது என்பது நினைவுக்கு வருகிறது. எழுத்து மூலமான ஆட்சேபங்கள் முன்கூட்டியே வந்திருக்கும், அவற்றை அதிகாரிகள் முன்னதாகவே பரிசீலித்திருப்பார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று நகரங்களில் ஜனங்கள் நின்று சொன்னதை எடை போட்டு, நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆணை எழுத 18 நாள் போதுமா என்ற சந்தேகம் சாமான்ய மனிதனுக்கு எழுவது நியாயம்தானே?

அந்த ஆணையில்தான், அதுவரை வீட்டுக் கட்டண வரிசையில் இருந்த அடுக்குமாடிப் பொது விளக்கும் மோட்டாரும் தனி வரிசைக்குப் போய் யூனிட் எட்டு ரூபாய் ஆயின. அடுக்குமாடிவாசிகள் அலறினார்கள். 2023 அக்டோபரில் முதலமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிகளுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் சிறு கட்டிடங்களுக்கு மட்டும் கட்டணம் யூனிட்டுக்கு ரூ.8.15-லிருந்து ரூ.5.50 ஆகக் குறைக்கப்படும் என்றார். நல்லதுதான். லிஃப்ட் உள்ள பாவத்துக்காக எங்கள் கட்டிடத்துக்கு அது கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இதிலிருந்து ஜனங்கள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? "ஆணையத்திடம் சொல்லிப் பயனில்லை, கோட்டைக்குக் கேட்கும்படி கத்தினால் பயனுண்டு" என்பதுதானே! அதே குறையை முன்னதாகவே மன்றத்தில் எடுத்துச் சொல்லி, மன்றமே சிறியவர் பெரியவர் என்று பிரித்து ஆணை போட்டிருந்தால் அந்த ஓராண்டு அலறல் எதற்கு?

கேளாமலே ஏறும் ரேட்

2022-ம் ஆண்டு ஆணையில் இன்னொரு சங்கதி அடங்கியிருக்கிறது. அது 2026-27 வரை செல்லும் பல ஆண்டுக் கட்டண ஆணை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-ந் தேதி, விலைவாசிக் குறியீட்டின் ஏற்றத்தையோ 6 சதவீதத்தையோ, எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாகவே ஏறும். அதன்படி 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16 சதவீதம் ஏறிற்று. இதில் 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 2024-ல் வீடுகளும் கட்டின.

இந்த ஏற்பாட்டில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏழு ஆண்டு தூங்கிவிட்டு ஒரேயடியாகத் தலையில் போடுவதைவிட, ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றுவது எவ்வளவோ மேல். ஆனால் விலைவாசி ஏறிற்று என்பதற்காக மட்டும் ஏறும் கட்டணத்தில், நிறுவனம் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததா என்ற கேள்விக்கு இடமில்லை. கம்பியில் வீணாகும் மின்சாரம் குறைந்ததா? வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்துக்குக் கொடுத்த விலை சரிதானா? வட்டி ஏன் இவ்வளவு? இவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது பொதுமக்கள் முன்னிலையில் கேட்க வேண்டாமா? வாடகையை ஆண்டுதோறும் ஏற்றும் வீட்டுக்காரர்கூட, ஒழுகும் கூரையைப் பற்றிக் குடித்தனக்காரர் கேட்டால் நின்று பதில் சொல்கிறார்.

ஜனங்களுக்கு என்ன தெரியும்?

"மின்சாரக் கணக்கு சிக்கலானது. பொதுஜனங்கள் வந்தால் 'உயர்த்தாதே' என்று கோஷம் போடுவார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரியும்?" அதிகாரிகள் தரப்பில் இப்படி ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. "உயர்த்தாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் ஆணையம் என்ன செய்யும்? எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு அப்படியொன்றும் பிரம்ம வித்தை அல்ல. 2022 ஆணையின் விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு வீடு 500 யூனிட் செலவழித்தால், முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு ரூ.2.25 வீதம் 225 ரூபாய். அடுத்த 200-க்கு ரூ.4.50 வீதம் 900 ரூபாய். கடைசி 100-க்கு 6 ரூபாய் வீதம் 600 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். அதே வீடு 501 யூனிட் செலவழித்தால் படிக்கட்டு மாறிவிடுகிறது. இரண்டாவது நூறுக்கு இருந்த குறைந்த ரேட் போய்விட, 300 யூனிட்டுக்கு 1,350 ரூபாய். அடுத்த 100-க்கு 600 ரூபாய். அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய்! பிற்பாடு விகிதங்கள் கொஞ்சம் ஏறியிருந்தாலும் படிக்கட்டு இதே படிக்கட்டுதான்.

இந்தக் கணக்கை எங்கள் பெரியவர் பலகைக்கு முன்னால் நின்றபடியே வாய்க்கணக்காகப் போட்டார். பிறகு கேட்டார்: "அதிகம் செலவழிப்பவன் அதிகம் கட்டட்டும், சரி. ஆனால் 501-வது யூனிட்டை எரித்தவனிடம், ஏற்கெனவே எரித்த யூனிட்டுக்கும் சேர்த்து வாங்குவது என்ன நியாயம்? வருமான வரியில்கூட மேலே உள்ள தொகைக்குத்தானே மேல் ரேட்?" இதைக் கலைவாணர் அரங்கத்து மைக்கில் கேட்டிருந்தால் அது கோஷமா? கோஷம் அல்ல, வாதம். பதில் சொல்லியே ஆகவேண்டிய வாதம்.

எண்ணத் தெரிந்த பொதுமக்கள் என்ன செய்யமுடியும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் சாட்சி உண்டு. 1990-களில் தாபோலில் என்ரான் கம்பெனியின் மின்நிலையத்துக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் புனேயிலுள்ள பிரயாஸ் என்ற சிறு குழுவினர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, இது கட்டுப்படியாகாத மின்சாரம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். 2001-ல் அந்த மின்சாரத்தை வாங்க முடியாமல் மகாராஷ்டிர போர்டே நிறுத்திக்கொண்டது. நம் சென்னையிலும் குடிமக்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்புகள், தொழில் சங்கங்கள், விவசாய சங்கங்கள் என்று சிலர் ஆணையத்தின் வாசலைத் தவறாமல் மிதித்து வருகிறார்கள். ஆனால் அவர்கள் சிலர்தான்.

கடல் கடந்த ஒரு செய்தி

இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. 2024-ன் கடைசியில், இப்போதுள்ள கட்டணமே தொடரட்டும் என்று இலங்கை மின்சார சபை கேட்டது. உயர்த்தக்கூடக் கேட்கவில்லை, குறைக்க வேண்டாம் என்றுதான் கேட்டது. ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகப் போய் ஜனங்களின் கருத்தைக் கேட்டது. சபையின் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. 2025 ஜனவரி 17-ந் தேதி, சராசரி 20 சதவீதம் குறைக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது!

அதே ஆணைக்குழு அந்த ஆண்டு ஜூனில் 15 சதவீதம் உயர்த்தவும் செய்தது. சபை கேட்டது 18 சதவீதத்துக்கும் சற்று மேல். ஆக, ஜனங்களைக் கேட்டால் கட்டணம் எப்போதும் குறையும் என்று அர்த்தமில்லை. சில சமயம் குறையும், சில சமயம் கேட்டதைவிடக் குறைவாக ஏறும். எப்படியானாலும் ஏன் என்று ஊருக்குத் தெரியும். காரணம் தெரிந்து கொடுக்கும் காசுக்கும், தெரியாமல் பிடுங்கப்படும் காசுக்கும் வித்தியாசம் இல்லையா?

செய்யவேண்டியவை

நம் ஆணையத்துக்கு நான் வைக்கும் விண்ணப்பம் பெரிதல்ல. அதன் அலுவலகம் கிண்டித் தொழிற்பேட்டையில், எங்கள் நந்தனத்துக்கு அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.

ஒன்று: கட்டண மனு வந்ததும் அதன் சாரத்தை நான்கு பக்கத்துக்குள் நல்ல தமிழில், கணக்கு உதாரணத்தோடு எழுதி, பில் கட்டும் ஒவ்வொருவருக்கும் சேரும்படி செய்யவேண்டும். பில் தொகையைக் கைப்பேசியில் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இதை அனுப்பத் தெரியாதா?

இரண்டு: கூட்டங்கள் ஜில்லாவுக்கு ஒன்றாவது நடக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமையோ மாலை நேரமோ நடக்கவேண்டும்.

மூன்று: 94-வது பிரிவு கொடுக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, கணக்குத் தெரிந்த, வாதாடத் தெரிந்த ஒருவரை நுகர்வோர் சார்பில் நியமிக்கவேண்டும். நிறுவனத்தின் பக்கம் வக்கீலும் ஆடிட்டரும் நிற்கும்போது, எதிர்ப்பக்கம் வெறுங்கையோடு ஒரு பென்ஷன்தாரர் நிற்பது சமமான விசாரணை ஆகாது.

நான்கு: சொன்ன ஆட்சேபங்களில் எதை ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்பதைத் தமிழில் சுருக்கமாக அச்சிட்டு வெளியிடவேண்டும்.

ஐந்து: குறியீட்டின்படி ஏறும் ஆண்டுகளிலும், நிறுவனத்தின் வரவு செலவை மட்டுமாவது பொதுமக்கள் முன் வைத்து ஒருநாள் விசாரணை நடத்தவேண்டும்.

இது ஆணையத்துக்கு. நமக்கு? குறை சொல்லும் வாய்க்குக் கொஞ்சம் கடமையும் உண்டு. சினிமா டிக்கெட் விலை ஏறினால் போகாமல் இருந்துவிடலாம். மின்சாரத்தை அப்படி விடமுடியாது. எனவே அதன் விலையைப் பற்றிப் பேசும் கூட்டத்தையும் விடக்கூடாது. குடியிருப்போர் சங்கம் ஒவ்வொன்றும் பொங்கல் விழாவுக்குக் குழு போடுவது போல இதற்கும் இரண்டு பேர் கொண்ட குழு போடட்டும். மனுவைப் படித்து, ஒரு பக்கத்தில் ஆட்சேபம் எழுதி அனுப்பட்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழும்போது எதற்காக அழுகிறோம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பால் சீக்கிரமே கிடைக்கும்.

இப்போதைய ஆணையின் காலம் 2026-27-உடன் முடிகிறது. அதற்குப் பிந்திய கட்டணத்துக்கு முறைப்படி மறுபடி நம்மைக் கேட்டாகவேண்டும். எங்கள் பெரியவர் அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுவிட்டார். பொது மீட்டர் கணக்கு, 501-வது யூனிட் கணக்கு எல்லாம் அதில் ஏறிவிட்டன. "இந்தத் தடவை கூப்பிடட்டும், மெட்ரோ செலவு என்னுடையது. நீயும் வரவேண்டும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

மனுநீதிச் சோழன் காலத்தில், கன்றை இழந்த பசு நேரே அரண்மனை வாசலுக்குப் போய் மணியை அசைத்தது. அந்த வாயில்லா ஜீவனுக்கு மணி எங்கே தொங்குகிறது என்று தெரிந்திருந்தது; கயிறும் அதற்கு எட்டும் உயரத்தில் இருந்தது. நமக்கும் ஒரு மணி கட்டித் தந்திருக்கிறார்கள். கயிற்றைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவது ஆணையத்தின் கடமை. எழுந்து போய் அதைப் பிடித்து இழுப்பது நம் கடமை.